விலங்குத் தோலின், கொழுப்புத் திசுவின் மின்கடத்துத்திறனை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொழுப்புத் துண்டு ஒன்றில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் குத்தி, ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். திரையில் ஓர் எண் வரும். கொஞ்ச நேரத்தில் அது ஏறிக்கொண்டே போகும். முனைகளை இன்னும் ஆழமாக அழுத்தினால் சட்டென்று இறங்கும். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிக் குத்தினால் வேறோர் எண். இவற்றில் எது கொழுப்பின் மின்தடை? எதுவுமே இல்லை. உலோகமும் திசுநீரும் தொடும் இடத்தில் நடக்கும் வேதிவினையைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திசுவின் மின்கடத்துத்திறனை அளப்பது என்றால், திசு அல்லாத ஒவ்வொன்றையும் அளவீட்டிலிருந்து விலக்குவது. கொழுப்பில் விலக்க வேண்டிய முதல் ஆள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீர். தோலில் சிக்கல் வேறு. அதன் மின்தடையில் பெரும்பகுதி தலைமுடியை விட மெல்லிய ஒரே ஓர் அடுக்கில் குவிந்திருக்கிறது. அதனால் ஒரே அமைப்பை வைத்து இரண்டையும் அளக்க முடியாது. இங்கே இரண்டுக்கும் தனித்தனி அமைப்பைச் சொல்கிறேன். கொழுப்பில் தொடங்குவோம், அதுதான் கை பழக எளிது.

எல்லாமே உணவுக்காக ஏற்கெனவே அறுக்கப்பட்ட விலங்கிலிருந்து எடுத்த திசுவுக்கானது. உயிருள்ள விலங்கின்மேல் மின்வாய் (மின்சுற்றைத் திசுவோடு இணைக்கும் உலோக முனை) வைப்பது வேறு துறை. அதற்குக் கால்நடை மருத்துவரும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். இந்தக் குறிப்புகளை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

எந்த அளவு எண்ணை எதிர்பார்க்கலாம்

கடத்துத்திறனின் அலகு சீமென்ஸ்/மீட்டர். இனிமேல் சுருக்கமாக சீ/மீ என்று எழுதுகிறேன். இரத்தம் ஏறக்குறைய 0.7 சீ/மீ. தசை குறைந்த அதிர்வெண்ணில் 0.2 முதல் 0.4 வரை, நார்கள் ஓடும் திசையைப் பொறுத்து. கொழுப்புத் திசு 0.02 முதல் 0.04 வரை. அதாவது தசையில் பத்தில் ஒரு பங்கு. தசையில் நான்கில் மூன்று பங்கு நீர். கொழுப்புச் செல்லின் உள்ளேயோ ஒரு பெரிய எண்ணெய்த் துளி, அதில் மின்னோட்டம் போகாது. செல்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ச்சந்துகள் வழியாக மட்டுமே அது நெளிந்து போகிறது.

கேமிலியா கேப்ரியலும் அவரோடு பணியாற்றியவர்களும் 10 ஹெர்ட்ஸ் முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரை திசுக்களின் மின்பண்புகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரைகள்தான் இன்றும் பலரும் எடுத்துப் பார்க்கும் அட்டவணை. அதில் தோலுக்கு உலர்ந்த தோல், ஈரத் தோல் என்று இரண்டு பட்டியல் உண்டு. 100 கிலோஹெர்ட்ஸில் உலர்ந்த தோல் 0.0005 சீ/மீ அளவிலும் ஈரத் தோல் 0.07 அளவிலும் நிற்கின்றன. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் இரண்டுமே தோல்தான். தோல் பகுதிக்கு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

அதிர்வெண் எதற்கு? செல் சவ்வு ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்கிறது, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட். குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்லைச் சுற்றிக்கொண்டு போகும், உயர்ந்த அதிர்வெண்ணில் செல்லுக்குள் நுழைந்தே போகும். ஆகவே அதிர்வெண் சொல்லாமல் கடத்துத்திறன் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ஆனால் கொழுப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸுக்கும் 100 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே அதன் கடத்துத்திறன் பெரிதாக மாறுவதில்லை, கிட்டத்தட்ட சமதளம். உங்கள் அளவீட்டில் அந்த இடைவெளிக்குள் பெரிய ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால், முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

மாதிரியை எடுப்பதும் வெட்டுவதும்

தோலடிக் கொழுப்பு, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இரண்டுமே சரி. ஆனால் இரண்டையும் கலந்து சராசரி எடுக்காதீர்கள். இணைப்புத்திசு நார்களின் அளவும் இரத்தநாளங்களின் அளவும் இரண்டிலும் வேறு. பன்றியின் முதுகுக் கொழுப்பு போன்ற தடித்த தோலடிக் கொழுப்பில் நடுவே மெல்லிய இணைப்புத்திசுத் தாள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது துண்டின் நீளவாக்கில் அமைந்துவிட்டால் மின்னோட்டத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடும். அந்தத் தாளுக்கு ஒரு பக்கமாக வெட்டுங்கள்.

திசு ஒருமுறை கூட உறைந்திருக்கக் கூடாது. பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும், கரைந்த பிறகு குறைந்த அதிர்வெண்ணில் கடத்துத்திறன் கூடிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைப்பதில் தவறில்லை, கொழுப்பு கெட்டியாகி வெட்டவும் வசதி. விலங்கு இறந்த நேரத்தையும் அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தசையில் இந்த நேரம் மிக முக்கியம். ஆற்றல் தீர்ந்த செல்கள் முதலில் வீங்கி இடைவெளிகளை அடைக்கும், மின்தடை ஏறும். பிறகு சவ்வுகள் சிதைந்து அது இறங்கும். கொழுப்பில் மாற்றம் இந்த அளவு இல்லை, ஆனாலும் குறித்தே வையுங்கள்.

வெட்டும் அளவு: 2 செமீ × 2 செமீ குறுக்குவெட்டு, 6 செமீ நீளம். கூரான புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். முன்னும் பின்னுமாக அறுத்தால் செல்கள் நசுங்கி, உடைந்த எண்ணெய் வெட்டுமுகத்தில் பூசிக்கொள்ளும். வெட்டியதும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, 25 டிகிரிக்கு வரும்வரை விடுங்கள். சுற்றாமல் விட்டால் குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் வியர்வை போலப் படியும். அளக்கப்போகும் துண்டில் வெப்பமானியைக் குத்த வேண்டாம். அதேபோல வெட்டிய இன்னொரு துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கடத்துத்திறன் மாறும், எனவே வெளியே இளகி உள்ளே குளிர்ந்திருக்கும் துண்டை அவசரப்பட்டு அளக்கக் கூடாது.

கையுறை போடுங்கள். பச்சைத் திசுவைக் கையாண்ட மேசையையும் கருவிகளையும் கிருமிநாசினியால் துடையுங்கள். பிளேடு வழுக்கும், கொழுப்பு அதைவிட வழுக்கும்.

நான்கு மின்வாய் அமைப்பு

ஒரே ஜோடி மின்வாய்கள் வழியாகவே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதே ஜோடியில் மின்னழுத்தத்தையும் அளந்தால், உலோகத்துக்கும் திசுவுக்கும் இடையிலான தொடுதடை முழுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். மின்வாய் முனைவாக்கம் என்று சொல்வது இதைத்தான். அதிர்வெண் குறையக் குறைய இது பெரிதாகும். இதற்குத் தீர்வு நான்கு மின்வாய்கள்: வெளியே இரண்டு மின்னோட்டத்துக்கு, உள்ளே இரண்டு மின்னழுத்தத்துக்கு. உள் ஜோடி வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாததால், அவற்றின் தொடுதடை எவ்வளவாக இருந்தாலும் அளவைக் கெடுக்காது. பூமியின் மின்தடையை அளக்க ஃபிராங்க் வென்னர் 1915-இல் எழுதிய முறையும் இதே கொள்கையில் நின்றதுதான்.

செய்யும் விதம்: 6 செமீ நீளம், 2 செமீ அகலம், 2 செமீ ஆழம் உள்ள அக்ரிலிக் தொட்டி. இரண்டு நுனிகளிலும் சுவர் முழுவதையும் மூடும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். ஒரு பக்கச் சுவரின் பாதி உயரத்தில், சரியாக 3 செமீ இடைவெளியில் இரண்டு துளைகள். ஒவ்வொன்றும் நுனித் தகட்டிலிருந்து 1.5 செமீ தள்ளி. துளை வழியாக அரை மில்லிமீட்டர் தடிமன் வெள்ளிக் கம்பி, அரை சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளிக் கம்பியைத் துடைத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த ப்ளீச் திரவத்தில் கறுத்த சாம்பல் நிறம் வரும்வரை ஊறவைத்தால் வெள்ளிக்குளோரைடு படலம் உண்டாகும். அதுதான் அமைதியான மின்வாய். அலுமினியத் தாளை எதற்கும் பயன்படுத்த வேண்டாம், அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் தொல்லை தரும்.

மின்சுற்று எளிது. சிக்னல் ஜெனரேட்டரின் (வேண்டிய அதிர்வெண்ணில் மாறுதிசை மின்னழுத்தம் தரும் கருவி) வெளியீடு ஒரு தகட்டுக்கு. மறு தகட்டிலிருந்து 1 கிலோஓம் துல்லிய மின்தடை வழியாகத் தரைக்கு. 1 கிலோஹெர்ட்ஸ், ஏறக்குறைய 1.5 வோல்ட். பேட்டரியில் இயங்கும் மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட் அளவில் வைத்து, முதலில் 1 கிலோஓம் மின்தடைக்குக் குறுக்கேயும், பிறகு இரண்டு வெள்ளிக் கம்பிகளுக்கு இடையேயும் அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே மீட்டரால் ஒரே அளவெல்லையில் அளந்தால் மீட்டரின் சொந்தப் பிழை வகுத்தலில் அடிபட்டுப்போகும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. விலை மலிவான மீட்டரும் இங்கே நல்ல விடை தரும். உங்கள் மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸ் வரை சரியாக அளக்கிறதா என்று மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சில மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, ஆசிலாஸ்கோப், அதாவது மின்னழுத்த அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. அதன் தரைக் கிளிப்பும் சிக்னல் ஜெனரேட்டரின் தரையும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். அந்தக் கிளிப்பை வெள்ளிக் கம்பியில் மாட்டினால் துண்டின் ஒரு பகுதியையும் துல்லிய மின்தடையையும் தரையோடு குறுக்கிணைத்துவிடுவீர்கள். ஆசிலாஸ்கோப்தான் இருக்கிறது என்றால், இரண்டு கம்பிகளுக்கும் இரண்டு சேனல்கள் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள்.

இரண்டு, எல்சிஆர் மீட்டரோடு (மின்தூண்டல், மின்தேக்கம், மின்தடை மூன்றையும் அளக்கும் கருவி) வரும் நான்கு கம்பிக் கிளிப். நான்கு கம்பி என்பதால் நான்கு மின்வாய் முறை என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். இல்லை. அந்தக் கம்பிகள் கிளிப்பின் வாயிலேயே ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிடுகின்றன. விலகுவது கம்பியின் மின்தடை மட்டும், மின்வாயின் தொடுதடை அப்படியே இருக்கும். மின்னோட்ட முனைகளைத் தகடுகளுக்கும் மின்னழுத்த முனைகளை வெள்ளிக் கம்பிகளுக்கும் தனித்தனியே கொண்டுபோனால்தான் அது நான்கு மின்வாய் அளவீடு.

மூன்று, மீட்டரின் சொந்த மின்தேக்கம். 100 பிகோஃபாரட் என்பது 1 கிலோஹெர்ட்ஸில் 1.6 மெகாஓம், கவலையில்லை. அதே 100 பிகோஃபாரட் 100 கிலோஹெர்ட்ஸில் 16 கிலோஓம்தான். அது திசுவோடு இணையாக உட்கார்ந்து எண்ணைக் கீழே இழுக்கும். உயர் அதிர்வெண்ணுக்குப் போக வேண்டுமானால், உள்ளீட்டு மின்தேக்கம் குறைந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுலபமான சோதனை ஒன்று உண்டு: இன்னொரு மீட்டரை இணையாக மாட்டிப் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கினால் மீட்டர்தான் திசுவைச் சுமையேற்றுகிறது.

தொட்டியை அளவுதிருத்தம் செய்தல்

திசுவைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். பொட்டாசியம் குளோரைடு 0.7455 கிராமை வாலைவடிநீரில் கரைத்து, மொத்தம் 1 லிட்டர் ஆக்கினால் அது லிட்டருக்கு 0.01 மோல் கரைசல். 25 டிகிரியில் அதன் கடத்துத்திறன் 0.1413 சீ/மீ. இதையே பத்து மடங்கு நீர்த்தால் 0.0147 சீ/மீ. கொழுப்பின் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால், இரண்டையும் சரியாக அளக்கும் தொட்டி கொழுப்பையும் சரியாக அளக்கும்.

தொட்டியின் மாறிலி, கம்பிகளின் இடைவெளியைக் குறுக்குப் பரப்பால் வகுத்தது: 0.03 ÷ 0.0004 = 75. எனவே முதல் கரைசலில் 75 ÷ 0.1413, அதாவது 531 ஓம் வர வேண்டும். இரண்டாவதில் ஏறக்குறைய 5,100 ஓம். 2 சதவீதத்துக்குள் வந்தால் தொடரலாம். இரண்டிலும் ஒரே விகிதத்தில் பிசகினால் தொட்டியின் அளவில்தான் தவறு, கிடைத்த எண்ணிலிருந்து உண்மையான மாறிலியைக் கணக்கிட்டு அதையே பயன்படுத்துங்கள். ஒன்று சரியாகவும் மற்றொன்று தவறாகவும் வந்தால் மின்சுற்றில் கசிவோ சுமையேற்றமோ இருக்கிறது. கரைசலை விளிம்பு வரை சமமாக நிரப்ப மறக்காதீர்கள், 1 மிமீ குறைந்தால் 5 சதவீதம் போய்விடும்.

கொழுப்பை அளத்தல்

தொட்டியை நன்றாகக் கழுவி, முற்றிலும் உலரவிடுங்கள். துண்டின் மேற்பரப்பை உலர்ந்த வடிதாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நுனித் தகடுகளுக்கும் துண்டுக்கும் நடுவே உப்புநீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய வடிதாள் வைக்கலாம், அது மின்னழுத்தக் கம்பிகளுக்கு வெளியே இருப்பதால் அளவைப் பாதிக்காது. ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் பக்கவாட்டில் ஓடக் கூடாது. துண்டைத் தொட்டியில் வைத்து, வெள்ளிக் கம்பிகளைப் பக்கத் துளைகள் வழியே செலுத்துங்கள். மூடியை வையுங்கள், அழுத்த வேண்டாம். அழுத்தினால் செல்களுக்கு இடையிலுள்ள நீர் பிதுங்கி வெளியே வரும், நாம் அளக்க வந்ததே அந்த நீர்ச்சந்துகளைத்தான்.

ஐந்து நிமிடம் பொறுத்து அளவெடுங்கள். துல்லிய மின்தடைக்குக் குறுக்கே 0.20 வோல்ட், கம்பிகளுக்கு இடையே 0.46 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளுக்கு இடையேயான திசுவின் மின்தடை = 1000 × 0.46 ÷ 0.20 = 2300 ஓம். கடத்துத்திறன் = 75 ÷ 2300 = 0.033 சீ/மீ. ஓடும் மின்னோட்டம் 0.2 மில்லிஆம்பியர். அதனால் உண்டாகும் வெப்பம் ஒரு மில்லிவாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, திசு சூடாகும் என்ற பயம் வேண்டாம்.

துண்டு தொட்டியை முழுவதும் நிரப்பவில்லை என்றால் அதன் உண்மையான அகலமும் உயரமும் வேண்டும். காலிபரால் கொழுப்பை அளந்தால் அது அமுங்கிப் பொய்யளவு தரும். மில்லிமீட்டர் கட்டத்தாள்மேல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து அளப்பது நல்லது. ஒவ்வொரு பக்கத்திலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் பரப்பில் 5 சதவீதப் பிழை. இந்தப் பிழையைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் சோதனைகள். ஜெனரேட்டரின் வோல்ட்டைப் பாதியாக்குங்கள், கணக்கிட்ட மின்தடை மாறக் கூடாது. தகடுகளின் இணைப்பை இடம் மாற்றுங்கள், அப்போதும் மாறக் கூடாது. 100 ஹெர்ட்ஸில் ஒருமுறை பாருங்கள். இந்த மூன்றிலும் நின்ற எண்ணைத்தான் நான் நோட்டில் எழுதுவேன்.

உப்புநீரில் கழுவுவதைப் பற்றி

திசு காயாமல் இருக்க உப்புநீரில் கழுவு என்று தசைக்கும் தோலுக்கும் சொல்வார்கள். கொழுப்புக்கு அதைச் செய்யாதீர்கள். நானும் தொடக்கத்தில் கழுவித்தான் அளந்தேன். 0.06, 0.07 என்று வந்த எண்கள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போனதால் நெடுநாள் சந்தேகமே வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

2 செமீ பக்கமுள்ள துண்டின் சுற்றளவு 80 மிமீ. அதைச் சுற்றி 0.1 மிமீ தடிமனில் உப்புநீர் ஒட்டியிருந்தால் அந்த நீரின் குறுக்குப் பரப்பு 8 சதுர மிமீ. கொழுப்பின் பரப்பு 400 சதுர மிமீ. ஐம்பதில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் உடல்நீர் அளவு உப்புள்ள நீரின் கடத்துத்திறன் ஏறக்குறைய 1.5 சீ/மீ, கொழுப்பு 0.03. அங்கே ஐம்பது மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சமம்: கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலம் முழுக் கொழுப்புத் துண்டு கடத்தும் அளவுக்கே மின்னோட்டத்தைக் கடத்துகிறது. விடை சரியாக இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கழுவினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இரட்டிப்பாகும். எண்கள் ஒத்துப்போவது சரியாக அளந்ததற்குச் சான்று ஆகாது என்பதை எனக்கு வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

படலம் இருக்கிறதா என்று கண்டறிய ஒரு வழி: அளந்த துண்டையே 1.5 செமீ பக்கமாகச் சீவி, சீவிய முகத்தை ஒற்றி, மறுபடி அளவுகளைக் கணக்கில் எடுத்து அளங்கள். திசு மட்டுமே கடத்தினால் கடத்துத்திறன் அதே எண்ணாக வரும். பழைய படலம் சீவலோடு போயிருந்தால் எண் இறங்கும். புதிய முகத்திலும் அதேபோலப் படலம் இருந்தால் எண் ஏறும், ஏனென்றால் பக்கம் சிறுத்தால் பரப்போடு ஒப்பிட்ட சுற்றளவு கூடும்.

தோலை அளத்தல்

தோலின் வெளியோரத்தில் கொம்புப்படலம் என்ற இறந்த செல்களின் அடுக்கு இருக்கிறது. பன்றியிலும் மனிதனிலும் உடலின் பெரும்பகுதியில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். தோலின் மொத்தத் தடிமனில் நூறில் ஒரு பங்கு. ஆனால் குறைந்த அதிர்வெண்ணில் குறுக்கே போகும் மின்னோட்டத்தைத் தடுப்பது ஏறக்குறைய முழுவதும் இதுதான்.

ஆகவே மாதிரி தேர்வு இங்கேதான் தலையாய வேலை. பன்றியின் முடியை நீக்க அறுவைக்கூடங்களில் உடலை 60 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் முக்குவார்கள். ஆய்வகத்தில் மேல்தோலை உள்தோலிலிருந்து உரித்தெடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போடுவோம். இரண்டும் ஒன்றே. வெந்நீர் கண்ட தோலின் தடுப்பு பெரும்பாலும் போய்விட்டது, அதை அளப்பதில் பயனில்லை. தோல் ஆய்வுகளில் பன்றிக் காதை அதிகம் காண்பதற்கு ஒரு காரணம், வெந்நீருக்கு முன்பே அதை எளிதாக வெட்டி எடுத்துவிடலாம் என்பது. முடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள், சவரம் செய்யாதீர்கள். பிளேடு கொம்புப்படலத்தையும் சேர்த்துச் சுரண்டும். அடியிலுள்ள கொழுப்பை மழுங்கிய கத்தியால் வழித்து நீக்குங்கள்.

அமைப்பு: இரண்டு சிறு அறைகள், நடுவே 2 சதுர செமீ திறப்பு. தோல் வட்டைத் திறப்பில் வைத்து இரண்டு பக்கமும் இறுக்கி, இரண்டு அறைகளிலும் 0.9 சதவீத உப்புநீர் ஊற்ற வேண்டும். ஒவ்வோர் அறையிலும் தள்ளி ஒரு மின்னோட்டத் தகடு, தோலுக்கு அருகே ஒரு வெள்ளிக் கம்பி. முதலில் தோல் இல்லாமல் அளந்து, அந்த எண்ணைத் தோலோடு அளந்ததிலிருந்து கழியுங்கள். ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்கத் தோலுக்குப் பதில் ரப்பர் தாள் வைத்து அளங்கள், மெகாஓம் கணக்கில் வர வேண்டும்.

நீர் பட்ட நொடியிலிருந்து கொம்புப்படலம் ஊறத் தொடங்கும், இம்பிடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை, மின்தேக்கத்தின் பங்கும் சேர்த்து) இறங்கிக்கொண்டே இருக்கும். "சரியான" நேரம் என்று ஒன்று இல்லை. 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் அளந்து முழு வளைகோட்டையும் வையுங்கள். ஒவ்வொரு நேரத்திலும் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போங்கள். பெரிய அதிர்வெண்ணுக்குப் போகப் போக மின்னோட்டம் கொம்புப்படலத்தின் மின்தேக்கம் வழியாகத் தாண்டிவிடும், அங்கே தெரிவது உள்தோல். கொழுப்புக்கு மின்னழுத்தத்தின் அளவு மட்டும் போதும், ஆனால் தோலில் மின்தேக்கப் பங்கு பெரிது, எனவே ஆசிலாஸ்கோப்பில் கட்ட வேறுபாட்டையும் (மின்னழுத்த அலையும் மின்னோட்ட அலையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதை) எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது நான் வலியுறுத்த விரும்பும் இடம். 10 ஹெர்ட்ஸில் 25 கிலோஓம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கடத்துத்திறனாக மாற்றத் தடிமன் வேண்டும். தோல் முழுவதும் 2 மிமீ என்று போட்டால் 0.0004 சீ/மீ. தடுப்பது கொம்புப்படலம்தானே என்று 15 மைக்ரோமீட்டர் போட்டால் 0.000003 சீ/மீ. அளந்தது ஒன்றே, விடையில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் தோலுக்கு நான் கடத்துத்திறனை முதலில் எழுதுவதில்லை. இம்பிடன்ஸைப் பரப்பால் பெருக்கி, 25 × 2 = 50 கிலோஓம்·சதுர செமீ என்று எழுதுவேன். தடிமனைப் பற்றிய அனுமானம் எதுவும் அதில் ஒளிந்திருக்காது. கடத்துத்திறன் கட்டாயம் வேண்டுமென்றால், எந்தத் தடிமனைப் போட்டோம் என்பதையும் அதே வரியில் சொல்ல வேண்டும்.

தோல் கெடாமல் இருக்கிறதா என்பதற்கு மின்தடையே சோதனையாகவும் பயன்படுகிறது. வேதிப்பொருள் தோலை அரிக்குமா என்று கண்டறிய, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி) வெளியிட்ட சோதனை வழிகாட்டி 430, எலியின் தோல் வட்டுகளை வைத்துச் செய்வது. 10 கிலோஓமுக்கு மேல் மின்தடை காட்டும் தோலைத்தான் அதில் ஏற்பார்கள், வேதிப்பொருள் பட்ட பிறகு 5 கிலோஓமுக்குக் கீழே இறங்குவதை அரிப்பின் அறிகுறியாக எடுப்பார்கள். அந்த எல்லைகள் அந்தச் சோதனையின் வட்டளவுக்கும் கரைசலுக்கும் உரியவை, உங்கள் அமைப்புக்கு அப்படியே பொருந்தா. உங்களுக்கென்று ஓர் எல்லையை நீங்களே உண்டாக்கலாம்: நல்ல தோல் ஒன்றை அளந்து, அதே இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி இருபது முறை உரித்து, மறுபடி அளங்கள். கொம்புப்படலம் போன தோலின் எண் எவ்வளவு கீழே விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பக்கத்தில் வரும் எந்த மாதிரியையும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

தோலின்மேல் நான்கு ஊசிகளை வரிசையாக அழுத்தி அளக்கலாமே என்று கேட்பார்கள். அளக்கலாம், ஆனால் மின்னோட்டம் கொம்புப்படலத்தைக் குறுக்கே கடந்து உள்தோலில் ஓடித் திரும்பும், உள்தோலுக்குக் கீழே உள்ளதும் சேரும். ஏறக்குறைய ஊசி இடைவெளி அளவு ஆழம் வரை அளவில் கலக்கும். உள்தோலைத் தனியே அளக்க மட்டும் இது நல்ல வழி. மேல்தோலை வெந்நீரில் உரித்தெடுத்த உள்தோலைக் கண்ணாடிமேல் விரித்து, சம இடைவெளியில் நான்கு ஊசிகளைத் தொடவைத்து, கடத்துத்திறன் = 0.2206 ÷ (தடிமன் × மின்தடை) என்று கணக்கிடலாம். தடிமன் ஊசி இடைவெளியில் பாதிக்குக் குறைவாகவும், தாள் அந்த இடைவெளியைப்போலப் பல மடங்கு அகலமாகவும் இருந்தால் மட்டுமே இந்தச் சூத்திரம் செல்லும்.

எத்தனை மாதிரி, எப்படி எழுதுவது

ஒரே விலங்கிலிருந்து வெட்டிய பத்துத் துண்டுகள் பத்து மாதிரி ஆகா. அவை உங்கள் கையின் ஒழுங்கைத்தான் காட்டும். குறைந்தது ஐந்தாறு விலங்குகள், ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகள் என்று வைத்து, முதலில் விலங்குக்குள் சராசரி எடுத்து, பிறகு விலங்குகளுக்கு இடையேயான பரவலைச் சொல்லுங்கள். தோலில் இந்தப் பரவல் பெரிதாகவே இருக்கும், பல மடங்கு வித்தியாசம் வந்தால் மடக்கை அளவில் வரையுங்கள்.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: "பன்றி, முதுகுத் தோலடிக் கொழுப்பு, வெளி அடுக்கு, உறையவைக்காதது, இறந்து 9 மணி நேரம், 25.2 டிகிரி, கழுவவில்லை, 20 × 20 மிமீ, கம்பி இடைவெளி 30 மிமீ, 1 கிலோஹெர்ட்ஸ், நான்கு மின்வாய், 2300 ஓம், 0.033 சீ/மீ." தோலுக்கு இதோடு ஊறிய நிமிடங்களும் முடி நீக்கிய விதமும் சேர வேண்டும். "கழுவவில்லை" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

அளவெடுத்து முடித்ததும் வெள்ளிக் கம்பிகளை வாலைவடிநீரில் கழுவி, இரண்டையும் ஒரே உப்புநீர்க் குவளையில் போட்டு, ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து வையுங்கள். அடுத்த நாள் எடுக்கும்போது இரண்டுக்கும் இடையே ஓரிரு மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி ப்ளீச்சில் ஊறவையுங்கள்.